பதில்: ஆக்குபேஷனல் தெரபிக்கு ‘தொழில்’ வேணாமே

ஐயா வணக்கம். ரெண்டு நாளா க்ளினிக்ல கூட்டம், அதான் லேட். அன்றாடக் காரியங்களத் தானே செய்ய முடியாதவங்களுக்கு அதைச் செய்யப் பழக்குறதுதான் எங்க ஆக்குபேஷனல் தெரபி. அதுக்குத் தமிழ்ல என்ன பேர் வைக்கலாம்னு நம்ம குழுவுல நடக்குற பேச்சுக்குத்தான் இந்தப் பதில்.

> ‘தொழில்வழி மருத்துவம்’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு? தொழில் என்றால் உத்தியோகம் மட்டுமா? தொழிற்பெயர், ஐந்தொழில் எல்லாம் என்னவாம்?

இலக்கணப்படி நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி ஐயா. இங்கிலீஷ்லயும் அந்த ‘ஆக்குபேஷன்’ உத்தியோகம் இல்ல, மனசையும் கையையும் ஒரு காரியத்துல ஈடுபடுத்துறதுதான். 1917ல அமெரிக்காவுல க்ளிஃப்டன் ஸ்ப்ரிங்ஸ்ங்கிற ஊர்ல இதுக்கு முதல் சங்கம் ஆரம்பிச்சப்ப தலைவரா இருந்த ஜார்ஜ் பார்ட்டன் டாக்டரே இல்ல, ஆர்க்கிடெக்ட். காசநோய் வந்து, உடம்புல ஒரு பக்கம் செயலிழந்து, தோட்டவேலை மரவேலைன்னு செஞ்சு செஞ்சே தேறினவர். ஆனா நம்ம ஊர்ல இன்னிக்கு ‘தொழில்’னா பொழைப்புதான். சிவன் அஞ்சு தொழிலுக்கும் சம்பளம் வாங்கலைங்கிறது நம்ம குழுவுக்குத் தெரியும், பேரப்பிள்ளைய இடுப்புல தூக்கிட்டு வர்ற ஆயாவுக்கு அதப்பத்தி என்ன கவலை?

நான் முன்னாடி வேலை பார்த்த இடத்துல ‘தொழில்முறை சிகிச்சைப் பிரிவு’ன்னு போர்டு. ஒரு ஆயா அதப் படிச்சுட்டு, “நாலு வயசுப் புள்ளைக்கு இப்பவே என்னம்மா தொழிலு, தையலா கத்துக்குடுக்கப் போறீங்க”ன்னு கேட்டாங்க. சரி, சுருக்கமா ஓ.டி.ன்னே சொல்லிடலாமேன்னா அது இன்னும் மோசம். “குழந்தைய ஓ.டி.க்கு கூட்டிட்டுப் போங்க”ன்னு நர்ஸ் சொன்னதும் ஒரு அம்மா அங்கயே உக்காந்து அழுதுட்டாங்க, ஆபரேஷன் தியேட்டர்னு நினைச்சு.

> ‘வினைவழி சிகிச்சை’ நல்ல தமிழாக இருக்கிறதே

அக்கா, இது மட்டும் வேணவே வேணாம், கெஞ்சிக் கேக்குறேன். ஊனத்தோட பிள்ளை பொறந்த வீட்ல ‘எந்த ஜென்மத்து வினையோ’ங்கிறத அந்த அம்மா மாமியார்கிட்ட, பக்கத்து வீட்டுக்காரிகிட்ட, சில சமயம் கட்டின புருஷன்கிட்டயே கேட்டுக் கேட்டு நொந்து போய்தான் எங்ககிட்ட வர்றாங்க. வாசல்ல நாமளும் அதே வார்த்தைய எழுதி வைக்கிறதா?

நாங்க உள்ள என்னதான் செய்றோம்னு சொன்னா சொல் தானா வரும்னு தோணுது. இன்னிக்குக் காலைல வந்த பையனுக்கு ஏழு வயசு, மூளை முடக்குவாதம், வலதுகை இறுக்கம். சட்டை பட்டன் போடணும், அதுதான் இந்த மாசத்துக்கான காரியம். பட்டனை முக்கால்வாசி காஜாவுக்குள்ள நானே நுழைச்சு விட்டுருவேன், மிச்சத்தை இழுத்து எடுக்குறது மட்டும் அவன் பாடு. அது கை வந்துச்சுன்னா அடுத்து பாதிதான் நுழைப்பேன், அப்புறம் காஜாவை விரிச்சு மட்டும் பிடிப்பேன். கடைசிப் படியில ஆரம்பிச்சு பின்னாடியே வர்றது, ஏன்னா முடிச்சு வச்ச சந்தோஷம் ஒவ்வொரு தடவையும் பிள்ளைக்கே கிடைக்கும். இன்னொரு குட்டி தட்டுல இருந்து பொரிய ஒவ்வொண்ணா பொறுக்கிட்டு இருந்தா, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து. இதுக்கு யாரும் ‘இடுக்கிப் பற்றல்’னு போட்டுடாதீங்க, ‘கிள்ளிப் பிடிக்கிறது’ன்னு நம்மகிட்டயே இருக்கு. பிள்ளைக்கு என்னென்ன செய்ய வருதுன்னு குறிக்கிற வெளிநாட்டு ஃபாரம்ல ஸ்பூன், ஃபோர்க்னு இருக்கும், நாங்க அத அடிச்சுட்டு சாதம் பிசையுறது, உருட்டுறது, கட்டைவிரலால வாய்க்குள்ள தள்ளுறதுன்னு எழுதிக்குவோம். மணிக்கட்டு, விரல் எல்லாத்துக்கும் அதுல வேலை இருக்கு.

ஆக எல்லாமே செயல்தான். செயலை வச்சே செயலுக்குத் தயார் பண்றோம்.

‘செயல்முறை சிகிச்சை’ ஏற்கெனவே சில இடத்துல புழங்குது, எனக்குத்தான் ஒட்டல. பக்கத்து ரூம்ல பிசியோதெரபிக்கு ‘இயன்முறை’ன்னு போர்டு இருக்கு, ரெண்டும் இரட்டைப்பிள்ளை மாதிரி கேக்குது, இப்பவே பாதிப்பேர் மாறித்தான் வந்து உக்காருறாங்க. போதாததுக்கு செயல்முறைன்னா பிராக்டிகல் எக்ஸாம், இல்லைனா கல்வி அதிகாரி அனுப்புற ஆர்டர்.

என் ஓட்டு ‘செயல்வழி’க்கு. 2007 வாக்குல அரசுப் பள்ளிக்கூடம் பூரா, பிள்ளைங்க தானே செஞ்சு பார்த்துப் படிக்கிற செயல்வழிக் கற்றல் வந்துச்சே, உக்கார பாய், பாட அட்டை, படிப்படியா ஏறுற பாட வரிசைக்கு ‘ஏணி’ன்னு. அன்னிக்கு அந்தப் பாய்ல உக்காந்து படிச்ச பிள்ளைங்கள்ல சிலபேர் இன்னிக்கு அம்மா அப்பாவா என் முன்னாடி உக்காந்திருக்காங்க. அவங்ககிட்ட ‘செயல்வழி’ன்னா அரை நிமிஷத்துல புரிஞ்சுக்குறாங்க, நாலஞ்சு பேர்கிட்ட சொல்லியே பார்த்துட்டேன்.

பின்பாதிக்கு ‘மருத்துவம்’ வேணாம், மாத்திரை எங்கன்னு கேப்பாங்க. ‘பயிற்சி’ன்னு போட்டா “அத நாங்க வீட்லயே குடுத்துக்குறோம்”னு அடுத்த வாரம் வரமாட்டாங்க, நாலரை வருஷம் படிச்ச எங்க பசங்களுக்கும் கோவம் வரும். ‘சிகிச்சை’ வடமொழின்னு நீங்க சொல்வீங்க ஐயா, தெரியும். ஆனா அது எல்லா வீட்லயும் புழங்குது, இந்த ஒண்ணை மட்டும் விட்டுக்குடுங்க.

ஒரே ஒரு சந்தேகம். கற்றலுக்கு முன்னாடி க் வருதுன்னா இதுக்கும் ‘செயல்வழிச் சிகிச்சை’ன்னு ச் போடணும்தானே? போர்டு எழுதுறவர் வியாழக்கிழமை வர்றார், எழுத்துக் கணக்குல காசு கேக்குறார், அதுக்குள்ள சொல்லிடுங்க.