மடகாஸ்கரின் ராட்சத லெமூர்கள்: எங்கள் வீட்டுக் குழுவில்

இனியன்: மலர் அத்தை, நாளை வகுப்பில் அழிந்துபோன குரங்கினம் ஒன்றைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும். எதைப் பேசலாம்?

மலர் அத்தை: மடகாஸ்கரின் ராட்சத லெமூர்களைப் பற்றிப் பேசு கண்ணா. 17 இனங்கள். இன்று அந்தத் தீவில் இருக்கும் எந்த லெமூரையும் விடப் பெரியவை.

இனியன்: எவ்வளவு பெரியவை?

மலர் அத்தை: ஆர்க்கியோஇந்திரிஸ் சுமார் 160 கிலோ. ஆண் கொரில்லாவின் எடை! இப்போது இருப்பவற்றில் பெரியதான இந்திரி பத்துக் கிலோவைத் தொட்டாலே அதிகம்.

பெரியப்பா: லெமூர் குரங்கு இல்லையே மலர்?

மலர் அத்தை: இல்லை அண்ணா, குரங்குகளும் மனிதர்களும் அடங்கிய ப்ரைமேட் வரிசையில் தனிக் கிளை. நம் தேவாங்கும் அந்தக் கிளைதான். கரூர், திண்டுக்கல் காடுகளில் தேவாங்குக்கென்றே 2022இல் சரணாலயம் அறிவித்தார்களே.

பாட்டி: தேவாங்கின் சொந்தமா! எங்கள் ஊர்ப் புளியந்தோப்பில் இரவில் கண் மட்டும் மின்னும்.

இனியன்: இவை டைனோசர் காலத்தில் வாழ்ந்தவையா?

மலர் அத்தை: இல்லவே இல்லை. நீ அழுத்திச் சொல்ல வேண்டியதே இதுதான். பேலியோப்ரோபித்திகஸ் என்று ஒன்று, நீண்டு வளைந்த விரல்களால் கிளையில் தொங்கியபடி இலை தின்று வாழ்ந்தது. அதன் எலும்புகளில் சில 500, 600 ஆண்டுப் பழமைதான். 1658இல் ஃபிளாகூர் என்ற பிரெஞ்சு ஆளுநர், இரண்டு வயதுக் கன்றின் அளவில், மனித முகத்தோடு ஒரு விலங்கு அங்கே உண்டு, மக்கள் அதைக் கண்டு அஞ்சுவார்கள் என்று எழுதியிருக்கிறார். அது ராட்சத லெமூராக இருக்கலாம் என்பவர்கள் உண்டு.

பெரியப்பா: அவ்வளவு அண்மையிலா! எப்படி அழிந்தன?

மலர் அத்தை: மனிதர்கள் வந்தார்கள் அண்ணா. சில எலும்புகளில் தோலுரித்து, மூட்டு மூட்டாக அறுத்த வெட்டுத் தடங்கள் இருக்கின்றன. மாடு மேய்க்கக் காட்டையும் எரித்தார்கள். வறட்சியைக் காரணம் சொல்பவர்களும் உண்டு. எனக்கு அதுமட்டும் போதவில்லை. எத்தனையோ வறட்சிகளைத் தாண்டி வந்தவை அவை. ஆனால் பெரிய விலங்கு மெதுவாகத்தான் குட்டி போடும். ஆண்டுக்குச் சிலவற்றைக் கொன்றாலே கூட்டம் தேய்ந்துவிடும்.

பாட்டி: பாவம், வாயில்லா உயிர்கள்.

இனியன்: காட்டுவதற்குப் படம் கிடைக்குமா அத்தை?

மலர் அத்தை: 2014இல் அங்கே நீர் நிறைந்த ஒரு குகைக்குள் முக்குளித்தவர்கள் ஏராளமான எலும்புகளைக் கண்டார்கள். அந்தப் படங்களையும் மெகலாடாபிஸ் என்ற இன்னொரு ராட்சத லெமூரின் நீண்ட மண்டையோட்டையும் இரவுக்குள் அனுப்புகிறேன்.

அம்மா: அண்ணி, பெயர்களை உச்சரிப்போடு ஒரு குரல்பதிவில் சொல்லிவிடுங்கள். இப்போதே தடுமாறுகிறான்.