கார் சைலன்சர் திடீர்னு டிராக்டர் மாதிரி கத்துது, வீட்லயே பாக்க முடியுமா?

கடலோரக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். என்கிட்ட 2012 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக் இருக்கு, 78,000 கிமீ ஓடிருக்கு. வீடு எண்ணூர் பக்கம், கடலுக்குக் கிட்ட. போன வாரம் வரைக்கும் ஒண்ணும் தெரியல, திங்கக்கிழமை ஸ்பீடு பிரேக்கர்ல ஏறி எறங்கினதுல இருந்து ஆக்ஸிலேட்டர் மிதிச்சா தெருவே திரும்பிப் பாக்குது. பட்டறைல அடியில கூட குனிஞ்சு பாக்காம சைலன்சர் மொத்தமா மாத்தணும், 9,500 ஆகும்னு சொல்லிட்டாங்க. அவ்ளோ இப்ப கையில இல்ல. பொண்ண ஸ்கூல்ல விட இந்த வண்டிதான். நானே ஏதாவது பாக்க முடியுமா?

பட்டறை அண்ணன்:
தம்பி, எங்க லீக்குனு தெரியாம எதையும் வாங்காதீங்க. காலைல வண்டி ஜில்லுனு இருக்கும்போது பாருங்க, சூடானா கை வைக்க முடியாது. வெட்டவெளில நிறுத்தி, ஸ்டார்ட் பண்ணி நியூட்ரல்ல ஹேண்ட்பிரேக் போட்டு, வீட்ல ஒருத்தர கிளவுஸ் போட்டுக்கிட்டு ஈரத்துணிய மடிச்சு பின்னாடி குழாய் வாய்ல நாலஞ்சு செகண்ட் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்க. லீக் இல்லன்னா புகை துணிய வெளிய தள்ளும், இருந்தா அந்த இடத்துல உஸ்ஸுனு சத்தம் வரும், நீங்க பக்கவாட்டுல குனிஞ்சு காத கொடுத்துக் கேளுங்க, அடியில போகாதீங்க. இஞ்சின் பக்கம் டிக் டிக்னு கேட்டு, சூடானதும் கொறஞ்சா மானிஃபோல்ட் பேக்கிங் (இஞ்சினோட புகைக்குழாய் சேர்ற எடத்துல புகை கசியாம அடைக்கிறது) போயிருக்கும், அத வீட்ல தொடாதீங்க. பின்னாடி சைலன்சர் டப்பாவுக்கு அடியில சின்னதா ரவுண்டா ஒரு ஓட்டை இருந்தா அடைச்சிடாதீங்க, பல வண்டில தண்ணி வடியக் கம்பெனிலயே போட்டிருப்பாங்க.

அடியில போய்த்தான் ஆகணும்னா இஞ்சின ஆஃப் பண்ணிட்டு, ஜாக்கில தூக்கி ஸ்டாண்டு வச்சிட்டுப் போங்க. வெறும் ஜாக்கிய நம்பியோ ஹாலோ பிளாக் கல்ல அடுக்கியோ போகவே கூடாது, அந்தக் கல்லு சொல்லாம கொள்ளாம நொறுங்கும்.

ரெண்டு பிள்ளைங்க அம்மா:
சத்தத்த விடுங்க, புகை உள்ள வருதான்னு மொதல்ல பாருங்க. அந்தப் புகைல இருக்கிற கார்பன் மோனாக்சைடுங்கற விஷவாயுவுக்கு நிறமும் கெடயாது வாசனையும் கெடயாது, தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி வர்ற மாதிரி இருக்கும், நாம வெயில்னு நெனச்சுப்போம். பொண்ணு பின்சீட்டுலதான உக்காருவா? சரி பண்றவரைக்கும் ஆட்டோல அனுப்புங்க. டிக்கி கதவத் தொறந்து வச்சு ஓட்டாதீங்க, புகைய உள்ள இழுக்கும். ஷெட்டுக்குள்ள வண்டிய ஸ்டார்ட்ல விட்டுப் பாக்கவே பாக்காதீங்க.

கடலோரக்காரன்:
ரொம்ப நன்றிண்ணே, நன்றி மேடம். பொண்ண ரெண்டு நாளா ஆட்டோலதான் அனுப்பறேன். இன்னைக்குக் காலைல துணி வச்சுப் பாத்தேன், டப்பாவுல இல்ல! நடுக்குழாயும் பின்குழாயும் சேர்ற ஜாயிண்ட்டுல இருந்து வருது, அந்த எடத்தச் சுத்தி விரல்ல தொட்டா மை மாதிரி ஒட்டுற கரி. ரெண்டு ஸ்பிரிங் போல்ட்டுல ஒண்ணு ஒடஞ்சு விழுந்திருக்கு, நடுவுல வளையமா இருக்கிற பேக்கிங் ஒரு பக்கம் அரிச்சுப் போயிருக்கு. இத எபாக்சி வச்சு அடைக்கலாமா?

பட்டறை அண்ணன்:
வேணாம், அந்தச் சூட்டுக்கு வீட்டு எபாக்சி கருகி உதிர்ந்துடும். சைலன்சர் புட்டின்னு ஒரு பசை தனியா விக்கிறாங்க, அது குழாய்ல சின்ன ஓட்டைக்கு, அதுவும் கொஞ்ச நாளைக்கு. உங்களுக்கு அந்த வளைய பேக்கிங்கும் ஸ்பிரிங்கோட ரெண்டு போல்ட்டும்தான், பழைய பேக்கிங்க கைல எடுத்துக்கிட்டுப் போய் அதே சைஸ் வாங்குங்க. மிச்சம் இருக்கிற போல்ட்டுல ராத்திரியே துருவெடுக்கிற ஆயில் அடிச்சு ஊறவிடுங்க, அவசரப்பட்டுத் திருகினா அதுவும் ஒடையும், அப்புறம் டிரில் போடணும். ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி சமமா டைட் பண்ணுங்க. இன்னொண்ணு, போல்ட் சும்மா ஒடையாது. குழாயத் தொங்கவிடற ரப்பர் எல்லாத்தயும் கையால ஆட்டிப் பாருங்க.

கடலோரக்காரன்:
அண்ணே, பாத்தேன். பின்னாடி ரப்பர் ஒண்ணு அறுந்தே கெடக்கு, குழாயோட கனம் மொத்தமும் அந்த போல்ட்டு மேலதான் இருந்திருக்கு. ஆயில் அடிச்சு விட்டிருக்கேன், ரப்பரும் சேத்து வாங்கிட்டு ஞாயித்துக்கிழம காலைல மாட்டிட்டு சொல்றேன்.