கால் பிசகிருச்சு, பத்து போடலாமா? அவசரம்

வளவுவாசல்: அம்மாவுக்குக் கால் பிசகி, கணுக்கால் பந்தா வீங்கிருச்சு. பக்கத்து வீட்டு ஆச்சி எண்ணெய் போட்டு நீவி, புளி உப்புப் பத்தைச் சூடா போடச் சொல்றாக. போடலாமா?

கண்மாய்க்கரை: எப்பப் பிசகுச்சு? எந்தப் பக்கம் மடங்குச்சு? ஊன்றாகளா? வயசு, சுகர் ஒண்ணுமே சொல்லலையே.

பிசியோ_தேவகோட்டை: நீவாதீங்க. ஜவ்வு கிழிஞ்சு உள்ளே ரத்தம் கசியுற நேரம். முதல் 3 நாள் சூடும் நீவலும் வீக்கத்தைக் கூட்டும். முதல்ல எலும்பா ஜவ்வான்னு பாருங்க. கனடாவுல ஒட்டாவா ஊர் டாக்டர்கள் 1992ல வகுத்த விதி இருக்கு. ரெண்டு பக்கக் கணுக்கால் மொளியையும் நுனியிலருந்து பின் விளிம்போட 6 செ.மீ. மேலே வரைக்கும் அமுக்குங்க. அப்புறம் பாதத்தோட வெளி விளிம்புல, நடுவாக்குல துருத்திக்கிட்டு நிக்கிற எலும்பு. உள்பக்கம் வளைவுக்கு மேல உள்ள எலும்பு. இதுல எங்கேயாச்சும் எலும்பு மேலேயே வலிச்சா எக்ஸ்ரே. விழுந்தப்பவும் இப்பவும் 4 அடி வைக்க முடியலைன்னாலும் எக்ஸ்ரே. வெளி மொளிக்கு முன்னாடி பள்ளத்துல மட்டும் வலின்னா பெரும்பாலும் ஜவ்வுதான்.

பழைய_பட்டாலை: இதே கேள்வி மாசம் நாலு தடவை வருது, தேடிப் பார்க்கத்தான் ஆளில்லை. ஓய்வு, ஐஸ், கட்டு, காலை உயர்த்தி வைக்கிறது. 1978லயே சொல்லியாச்சு.

செக்காலை2: அதைச் சொன்ன அமெரிக்க டாக்டர் கேப் மிர்கினே பின்னாடி, ஐஸ் வச்சா ஆறுறது தாமதமாகலாம்னு மாத்திக்கிட்டாரு அண்ணே. அதையும் தேடியிருக்கலாம்.

பழைய_பட்டாலை: ஐஸ் வலிக்குத் தம்பி. ஆறுறதுக்குன்னு யார் சொன்னா?

செக்காலை2: நீங்கதான், போன மாசம்.

பிசியோ_தேவகோட்டை: ரெண்டு பேரும் தனி இழை போட்டுக்கங்க. ஐஸைத் துணியில சுத்தி 15 நிமிஷம், 3 மணி நேரத்துக்கு ஒருக்கா, 2 நாள் போதும். 10 செ.மீ. கிரேப் பேண்டேஜை விரல் அடியில ஆரம்பிச்சு, குதிகாலையும் சேர்த்து எட்டு மாதிரி சுத்தி, மேலே போகப் போகத் தளர்த்துங்க. கணுக்கால்ல மட்டும் இறுக்குனா பாதம் பணியாரமா உப்பிரும். கால் நகத்தை அமுக்கி விட்டா 2 நொடியில சிவப்பு திரும்பணும். திரும்பலைன்னா அவுத்துக் கட்டுங்க.

வளவுவாசல்: 58 வயசு. நேத்து சாயங்காலம், ரெண்டாங்கட்டுப் படியில. உள்பக்கமா மடங்குச்சு. ரெண்டடிக்கு மேல முடியலை. சுகர் இருக்கு.

பிசியோ_தேவகோட்டை: இதை முதல்லயே சொல்லணும்ல! சுகர்ல கால் மரத்திருந்தா, அமுக்குனா வலிக்கலைங்கிறதை நம்ப முடியாது. பத்துச் சூடோ ஐஸோ தோலைப் பொசுக்குனாலும் தெரியாது. ரெண்டும் வேணாம். இப்பவே எக்ஸ்ரே.

கண்மாய்க்கரை: என்னாச்சு?

வளவுவாசல்: எடுத்தாச்சு. அந்த வெளி விளிம்பு எலும்புலதான் கீறல். கால் அசையாம இருக்கப் பூட்ஸ் மாட்டி விட்டிருக்காக. ஆச்சி இன்னும் பத்தைக் கரைச்சு வச்சிருக்காக.