மேல்பிரிவு குடும்பம்

லெட்சுமி அத்தை: அம்மாவின் 31ஆம் நாள் காரியம் ஞாயிற்றுக்கிழமை. ஹட்டனிலிருந்து வான் ஒன்றா, இரண்டா? ஆள்கணக்கை இன்றைக்கே சொல்லுங்கள்.

சரோ அக்கா: நாங்கள் 4

தினேஷ்: 3. மழை என்றால் 2

லெட்சுமி அத்தை: தம்பி செல்வம், உன் மகன் பிரவீனைச் சிட்னியில் பொலிஸ் பிடித்துச் சிறை மறியலில் போட்டதாக டிக்கோயா பக்கம் கதை. உண்மையா?

சரோ அக்கா: அம்மா!! இதைக் குழுவிலா கேட்பது

செல்வம் சித்தப்பா: 🎤 குரல் பதிவு 3:12

தினேஷ்: சித்தப்பா, இங்கே சிக்னல் ஒரு கோடுதான். எழுதுங்கள்.

செல்வம் சித்தப்பா: யாரும் பிடிக்கவில்லை. எச்சரிக்கை மட்டும்தான். நியூ சவுத் வேல்ஸ் சட்டம் இது. பெரிய குற்றத்தில் தண்டனை பெற்றவனோடு பழகினால், "இன்னார் அப்படிப்பட்டவன், பழகாதே" என்று பொலிஸ் வாயாலோ எழுத்திலோ சொல்லும். வழக்கு என்றால் அப்படி இரண்டு பேரோடு, ஆளுக்கு இரண்டு தடவையாவது சேர்ந்திருக்க வேண்டும். சொன்ன பிறகும் விடாவிட்டால்தான் வழக்கு. 3 வருடம் வரை மறியல். களவு, அடிதடி எதுவும் செய்திருக்கத் தேவையில்லை. பழகுவதே குற்றம். போனில் பேசினாலும், மெசேஜ் போட்டாலும் கணக்கு.

ராஜு மாமா: அந்தச் சட்டம் இங்கே வந்தால் நம்ம கள்ளுத் தவறணையில் ஒருத்தன் மிஞ்சமாட்டான்

தினேஷ்: முதல் ஆள் மாமா 😂

லெட்சுமி அத்தை: கசிப்புச் சாராயக் கேசுக்கு என் தோட்டை அடகு வைத்துத் தண்டம் கட்டினவர் பேசுகிறார்.

ராஜு மாமா: அது 1998. இன்னுமா

சரோ அக்கா: அப்போ அப்பா இருக்கிற குழுவில் பிரவீன் பேசலாமா மாமா?

செல்வம் சித்தப்பா: சின்னத் தண்டமெல்லாம் கணக்கில்லை சரோ. சொந்தக்காரர், வேலை, படிப்பு, வைத்தியம், வக்கீல், இதற்காகப் பழகினது நியாயம் என்று காட்டினால் விடுவார்கள். ஆனால் காட்டுவது நம் பொறுப்பு. 1929இல் சிட்னியில் சவரக்கத்தியோடு திரிந்த கும்பல்களுக்காக வந்தது. 2012இல் புதிதாக எழுதினார்கள். 2014இல் நாட்டின் உயர் நீதிமன்றமும் செல்லும் என்று சொல்லிவிட்டது. பூர்வகுடி ஆட்கள்தான் அளவுக்கு மீறி மாட்டுகிறார்கள்.

ராஜு மாமா: வெள்ளைக்காரன் இங்கே இலங்கையிலும் 1841இல் அலைவோர் சட்டம் போட்டானே. வேலைவெட்டி இல்லாமல் திரிகிறவனைப் பிடிக்க

தினேஷ்: அதிலும் மாமாதான்

சரோ அக்கா: கோழியா ஆடா? இன்று சொன்னால்தான் கடையில் கிடைக்கும்

லெட்சுமி அத்தை: அம்மாவுக்குக் கருவாடுதான் பிடிக்கும். செல்வம், அந்தப் பையன்கள் யார்? நம்ம ஆட்களா?

செல்வம் சித்தப்பா: ஜிம்மில் பழக்கம். இப்போது ஒழுங்காக வேலைக்குப் போகிறார்கள். பெயரெல்லாம் இங்கே வேண்டாம் அக்கா.

லெட்சுமி அத்தை: அண்ணனுக்கு முடியாமல் போனபோதும் நீ இப்படித்தான் மறைத்தாய்.

செல்வம் சித்தப்பா: அதை இப்போது ஏன்

பிரவீன்: அத்தை, நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன்

லெட்சுமி அத்தை: ஐயோ கண்ணு. சாப்பிட்டாயா?

பிரவீன்: ம். அப்பாயி கொழுந்துக் கூடையோடு நிற்கிற படம் யாரிடம் இருக்கிறது?

சரோ அக்கா: வீட்டில் தேடிப் போடுகிறேன்

ராஜு மாமா: வான் ஒன்று போதும். நான் பஸ்ஸில் வருகிறேன்

லெட்சுமி அத்தை: யாரோடு?

தினேஷ்: 😂😂

லெட்சுமி அத்தை: இன்னும் 6 வீடு கணக்குச் சொல்லவில்லை.