மறுமொழி: 'இருப்புச் சோதனை'க்கு மாற்றுச் சொல்

வணக்கம். தரவை டேக்குகளுக்குள் வைக்கும் வடிவமான எக்ஸ்எம்எல் தொடர்பாக நம் சொற்பட்டியலுக்கு வந்த வரையறை இது:

> எக்ஸ்எம்எல் ஆவணத்தில் ஓர் உறுப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதை 'இருப்புச் சோதனை' என்போம்.

கருத்து சரி, சொல்தான் இடிக்கிறது. கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டிக்கு விலைப் பக்கம் செய்துகொண்டிருக்கிறோம். இங்கே இருப்பு என்றால் சரக்கு. 'இருப்புச் சோதனையில் வழு' என்று சொன்னால் மண்டிக்காரர் கூடையை எண்ணப் போய்விடுவார்.

சொல் தேவைப்பட்ட இடம் இது. தரவுத்தளம் தரும் எக்ஸ்எம்எல்லை, அதை வேறு வடிவமாக மாற்றும் மொழியான எக்ஸ்எஸ்எல்டி சர்வரிலேயே பக்கமாக்குகிறது. விலை இருந்தால் விலை, இல்லாவிட்டால் 'வரத்து இல்லை'. பெங்களூராவுக்கும் நீலத்துக்கும் சரியாக வந்தது. சீசன் முடிந்துபோன அல்போன்சாவுக்கு மட்டும் 'ரூ.' என்று மொட்டையாக நின்றது. இடையில் செய்தி எழுதவைக்கும் எக்ஸ்எஸ்எல் மெசேஜ் போட்டு சர்வர் பதிவைப் பார்த்தோம்: விலை உறுப்பு 1, உள்ளே எழுத்து 0. டேக் வருகிறது, ஆனால் காலியாக. நிபந்தனை எழுதும் டெஸ்ட்டில் வெறுமனே 'விலை' என்று எழுதினால், எக்ஸ்எம்எல்லில் உறுப்புகளைத் தேடும் மொழியான எக்ஸ்பாத் 1.0 உள்ளே எட்டிப் பார்க்காது. உறுப்பு ஒன்றாவது இருந்தால் போதும், உண்மை என்றுவிடும்.

அப்புறம் குழுவில் ஒருவர் அதை 'விலை != 0' என்று மாற்றினார். அப்போதும் அதே 'ரூ.'. காலி உறுப்பை எண்ணாக்கினால் கிடைப்பது நேன், அதாவது எண்ணே இல்லாத ஒன்று. அது 0-க்குச் சமமில்லை என்பதால் நிபந்தனை தேறிவிடுகிறது. நேன் எதைவிடவும் பெரிதில்லை என்பதால் 'விலை > 0' என்றதும் அல்போன்சா 'வரத்து இல்லை'க்குப் போய்விட்டது.

என் பரிந்துரை: 'உண்டா சோதனை'. உள்ளிருப்பதைப் பார்ப்பது 'மதிப்புச் சோதனை'யாகவே இருக்கட்டும்.

பேச்சுவழக்காக இருக்கிறதே என்பீர்கள். வேறு, இல்லை, உண்டு மூன்றும் ஐம்பாலுக்கும் மூவிடத்துக்கும் பொது என்று நன்னூலே சொல்கிறது. உறுப்பு ஒன்றானாலும் பத்தானாலும் 'உண்டு'தான், எக்ஸ்பாத் பார்ப்பதும் அப்படித்தான். 'உளதா' என்று வைத்தால் ஒன்றுக்கு மட்டும் பொருந்தும், பலவற்றுக்கு 'உள்ளனவா' என்று மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். வினா ஆகாரத்துக்குப் பின் வலி மிகாது, ஆகவே தயவுசெய்து 'உண்டாச் சோதனை' என்று எழுதிவிடாதீர்கள்.

இன்னொரு சொல். எக்ஸ்எஸ்எல்டியில் நிபந்தனை வைக்கும் இஃபுக்கு 'இல்லாவிட்டால்' என்னும் எல்ஸ் கிடையாது, பல நிபந்தனைகளில் ஒன்றைத் தேரும் சூஸுக்குள் வரும் அதர்வைஸ்தான் அந்த வேலையைச் செய்கிறது. அதர்வைஸுக்குத் தமிழாக முன்பு பரிந்துரைக்கப்பட்ட 'மற்றபடி' எனக்குச் சம்மதம். மறுப்பு இருந்தால் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள், சொற்பட்டியலில் ஏற்ற வேண்டும்.