நாகர்கோவில் வீடு: வரிசையில் நித்யா

குழு: நாகர்கோவில் வீடு
2025 ஜூலை 6, ஞாயிறு, மத்தியானம்

நித்யா: பெரியப்பா, வரிசையில சேந்தாச்சு. அட்டை நம்பர் 387

ரமணி பெரியப்பா: 500-க்குள்ள வந்துட்டியா! அப்போ சென்டர் கோர்ட் உறுதி. சபாஷ் மக்களே

கீதா: என்ன அட்டை? என்ன கோர்ட்டு? யார் மேல கேஸ்?

கார்த்திக்: சித்தி 😂 டென்னிஸ் கோர்ட். லண்டன்ல விம்பிள்டன்

நித்யா: அம்மா, நாளைக்கு மேட்ச் பார்க்க டிக்கெட் வரிசை. ஆன்லைன்ல குலுக்கல்ல விழலேன்னா இப்படித்தான். இங்க பெரிய கோர்ட்டான சென்டர் கோர்ட்டுக்கு ஒரு 500 டிக்கெட் வரிசையில நிக்கிறவங்களுக்குன்னே ஒதுக்கி வெப்பாங்க. கடைசி நாலு நாள் மட்டும் கிடையாது

கீதா: நாளைக்கு மேட்ச்சுக்கு இன்னிக்கே எதுக்கு நிக்கிற?

நித்யா: ராத்திரி இங்கேயே டென்ட்ல படுத்துக்குவேன்

கீதா: எங்கேடி

நித்யா: விம்பிள்டன் பார்க். புல்தரைதான். ஆயிரக்கணக்குல ஆள் இருக்காங்கம்மா, காவல் இருக்கு, பாத்ரூம் இருக்கு

கீதா: அத்தான், இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?

(ரமணி பெரியப்பா ஒரு செய்தியை நீக்கிவிட்டார்)

வசந்தா அத்தை: தெரியாம என்ன மைனி. போன வாரம் போன் பண்ணினப்போ "நித்யா டென்ட் வாங்கிட்டா"ன்னு எங்கிட்ட உளறினாரே

ரமணி பெரியப்பா: வசந்தா நீ கொஞ்சம் சும்மா இரி

கீதா: சாப்பாடு?

நித்யா: புளியோதரை கட்டி எடுத்துட்டு வந்தேன். உருளைக்கிழங்கு ரோஸ்ட்டும்

கீதா: அதையாவது செஞ்சியே

கார்த்திக்: பாத்ரூம் போனா இடம் போயிடாதா?

நித்யா: அரை மணி நேரம் வரைக்கும் போலாம். அட்டையில நம்பரும் தேதியும் இருக்கு, கைமாத்த முடியாது. பையையோ துண்டையோ போட்டு இடம் பிடிக்கிற கதை எல்லாம் இங்க நடக்காது

வசந்தா அத்தை: அப்போ நம்ம டவுன் பஸ்காரங்க யாரும் அங்க பிழைக்க முடியாது

ரமணி பெரியப்பா: மக்களே, நான் சொன்ன ரெண்டு போட்டோ மறந்துராதே. கோர்ட்டோட பின்கோடு இருக்குல்லா, அந்தப் பேஸ்லைன் பக்கம் ஒண்ணு, நடுவுல நெட் பக்கம் ஒண்ணு. பிளேயர் மூஞ்சி எல்லாம் டிவியில பார்த்துக்கிடுவேன். எனக்குப் புல்லு வேணும்

கார்த்திக்: ஆரம்பிச்சாச்சு

ரமணி பெரியப்பா: நீ கேக்காண்டாம். அத்தைக்கும் சித்திக்கும் சொல்லுகேன். முன்னாடி எல்லாம் ரெண்டாம் வாரம் பார்த்தா கோர்ட்ல புல் தேஞ்ச தடம் பேஸ்லைன்ல இருந்து நெட் வரைக்கும் போகும். சர்வ் போட்டதும் அத்தனை பேரும் முன்னாடி ஓடுவான்லா, ஓடி ஓடித் தேஞ்சது. 2001-ல இவானிசெவிச்சும் ராஃப்டரும் ஆடின பைனல் ஞாபகம் இருக்கா? ரேங்க் பத்தாம வைல்டு கார்டுன்னு சிறப்பு அனுமதியில வந்த இவானிசெவிச் கப்பைத் தூக்கினான். அந்த வருஷமே புல்லை மாத்திட்டான். 70 பங்கு ரை புல்லும் 30 பங்கு சிவப்பு ஃபெஸ்க்யூ புல்லும் கலந்து போட்டிருந்த இடத்துல முழுக்க ரை புல். நல்லா விறைச்சு நிக்கும், மண்ணும் இறுகிக் கிடக்கும், பந்து எழும்பி வரும். அடுத்த வருஷம் பைனல்ல ஹெவிட்டும் நல்பாண்டியனும்... நல்பாண்டியனும் பின்னாடியே நின்னு அடிச்சானுவ

வசந்தா அத்தை: நல்பாண்டியனா, நம்ம பக்கத்துப் பையனா?

ரமணி பெரியப்பா: நல்பாண்டியான்னு அடிச்சேன். இந்த போன் திருத்திட்டு. அர்ஜென்டினாக்காரன்

கார்த்திக்: நல்பாண்டியன், வடசேரி 😂😂

கார்த்திக்: அப்பா, புல்லு மட்டும் காரணம் இல்ல. ராக்கெட் மாறிச்சு, நரம்பு மாறிச்சு. பாலியஸ்டர் நரம்புல பந்தைச் சுழட்டி அடிச்சா, முன்னாடி ஓடி வர்றவன் காலடியில போய் விழுது. ஓடி வந்தவன் முட்டாள் ஆயிடுறான். எந்தப் புல்லைப் போட்டாலும் யாரும் ஓட மாட்டான்

ரமணி பெரியப்பா: மண் தரை கிளே கோர்ட்லயும் அதே நரம்புதான். நான் புல்லைப் பத்திப் பேசுகேன்

கார்த்திக்: அதான் நானும் சொல்றேன், எல்லா இடத்துலயும் அதே ஆட்டம் ஆயிடுச்சு

ரமணி பெரியப்பா: அதைத்தானே நான் இருபது வருஷமா சொல்லுகேன்

நித்யா: நீங்க ரெண்டு பேரும் ஒரே விஷயத்துக்குத்தான் சண்டை போடுறீங்க

ஞாயிறு, சாயங்காலம்

கார்த்திக்: ஐயோ, சென்டர் கோர்ட்ல கூத்து. பாத்தீங்களா?

ரமணி பெரியப்பா: பார்த்துட்டுத்தான் இருக்கேன். வெக்கக்கேடு

கீதா: என்ன ஆச்சு?

கார்த்திக்: பாவ்லியுசென்கோவாவும் கார்டலும் ஆடுறாங்க. முதல் செட் 4-4. கார்டல் அடிச்ச பந்து கோட்டுக்கு வெளிய விழுது, எல்லாருக்கும் தெரியுது. கோடு பார்க்கிற மெஷின் கம்முனு இருக்கு. அம்பயர் ஆட்டத்தை நிறுத்தி, போன்ல பேசி, அந்தப் பாயின்டைத் திருப்பி ஆடச் சொல்லிட்டாரு. அந்த கேமையே கார்டல் எடுத்துட்டா

வசந்தா அத்தை: கோடு பார்க்க ஆள் நிப்பாங்களே, குனிஞ்சு முட்டி மேல கை வெச்சுக்கிட்டு?

ரமணி பெரியப்பா: 147 வருஷமா நின்னாங்க. இந்த வருஷம்தான் அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பிட்டு மெஷினை வெச்சான். நல்ல சட்டை, நல்ல கோட்டு, எவ்வளவு அழகா இருக்கும்

கார்த்திக்: கோட்டு போட்டிருந்தா கோடு தெரியுமா அப்பா. மெக்கன்ரோ கத்தினது எல்லாம் அவங்க காலத்துலதான்

கீதா: மெஷின் பேசலேன்னா அந்த அம்பயருக்குக் கண்ணு இல்லையா?

ரமணி பெரியப்பா: கீதா கேட்டா பாரு, அது கேள்வி

(இரவு)

கார்த்திக்: அறிக்கை வந்தாச்சு. மெஷின் கெட்டுப் போகலையாம். கோர்ட்டோட ஒரு பக்கத்துல யாரோ தப்பா அணைச்சு வெச்சுட்டாங்களாம். மனுஷத் தப்புன்னு சொல்லி மன்னிப்பு கேட்டிருக்காங்க

வசந்தா அத்தை: மோட்டார் ஸ்விட்சைப் போடாம தண்ணி வரலேன்னு பிளம்பரைக் கூப்பிட்ட கதைதான்

நித்யா: இங்க வரிசை முழுக்க இதே பேச்சு. நல்லவேளை, கடைசியில பாவ்லியுசென்கோவாவே ஜெயிச்சுட்டா. குளிருது. புளியோதரையில பாதியைப் பக்கத்து டென்ட்டுக்குக் கொடுத்துட்டேன். கடலையை மட்டும் பொறுக்கித் தின்னுட்டு சோத்தை வெச்சிருக்காங்க

கீதா: ஸ்வெட்டரைப் போடு. போனை சார்ஜ்ல போடு. டென்ட் ஜிப்பை உள்பக்கம் பூட்டு

ஜூலை 7, திங்கள்

நித்யா: 5 மணிக்கெல்லாம் வரிசையைப் பார்த்துக்கிற ஸ்டீவர்டுங்க வந்து டென்ட்டைத் தட்டி எழுப்பிட்டாங்க. எல்லாரும் மடிச்சு லக்கேஜ் இடத்துல கொடுக்கணும். விரிக்கும்போது தூக்கிப் போட்டா தானா விரிஞ்சுது. மடிக்க வரமாட்டேங்குது. நாலு பேர் சேர்ந்து உருட்டிக் கயிறு கட்டினோம்

நித்யா: கையில பட்டை கட்டிட்டாங்க. சென்டர் கோர்ட் 🎾

ரமணி பெரியப்பா: ஆட்டம் வரிசை பார்த்தியா? முதல்ல ஜோகோவிச், டி மினார். அப்புறம் ஆண்ட்ரீவா, நவாரோ. கடைசியில சின்னர், டிமிட்ரோவ். அந்தக் கடைசி ஆட்டத்தை விட்டுட்டு ட்ரெயினுக்கு ஓடிராதே

(நம்மூர் நேரம் மாலை)

நித்யா: பெரியப்பா உங்க படம் வருது. எங்க வரிசை ரொம்பக் கீழே, கிட்டத்துல தெரியுது. பேஸ்லைன்ல புல்லே இல்ல, காபிப்பொடி சிந்தின மாதிரி பழுப்பா இருக்கு, கால் தேய்ச்சா தூசி எழும்புது. நெட் பக்கம் இப்பத்தான் விரிச்ச மாதிரி பச்சை. வெட்டின உயரம் 8 மில்லிமீட்டராம், கிட்டத்தட்ட நம்ம கேரம் போர்டு காய் கனம் இருக்கும்

(2 படங்கள்)

ரமணி பெரியப்பா: பார்த்தியா கார்த்திக். நெட் கிட்ட ஒரு புல்லு சாகலே. மனுஷன் காலே படலே

கார்த்திக்: படம் நல்லா இருக்கு நித்யா

வசந்தா அத்தை: கோலியும் அனுஷ்காவும் அங்க வந்திருக்காங்களாமே! டிவியில காட்டுறான். நீ பார்த்தியா?

நித்யா: எனக்கு எதிர்ப்பக்கம் அத்தை. தலை மட்டும் தெரியுது. ராயல் பாக்ஸ்ல ஃபெடரர் இருக்கார், அதனாலயோ என்னவோ ஜோகோவிச் முதல் செட் 1-6

ரமணி பெரியப்பா: 2019 பைனல்ல ரெண்டு மேட்ச் பாயின்ட் கையில வெச்சுட்டுத் தோத்த மனுஷன் அங்க உக்காந்து இவன் ஆட்டத்தையே பார்க்கணும்னா, என்ன மனசு பாரு

நித்யா: அப்புறம் மூணு செட்டும் 6-4, 6-4, 6-4. ஜோகோவிச்தான்

நித்யா: ஸ்ட்ராபெர்ரி வாங்கினேன். 2 பவுண்டு 70. 2010-ல இருந்து 2.50-தானாம், இந்த வருஷம்தான் ஏத்தியிருக்காங்க. எண்ணிப் பார்த்தேன், பதினொண்ணு இருந்துது

கீதா: நம்ம காசுக்கு முன்னூறு ரூபாய்க்கு மேல. ஒரு பழம் முப்பது ரூபாயா?

வசந்தா அத்தை: பதினஞ்சு வருஷமா விலை ஏத்தாம வித்திருக்கான்லா மைனி, அதைப் பாருங்க. நம்ம ஊர்ல டீ என்ன விலைக்கு இருந்துது, இப்போ என்ன விலை

(பின்னிரவு)

ரமணி பெரியப்பா: மக்களே பார்க்கியா!!! டிமிட்ரோவ் முதல் செட் 6-3

ரமணி பெரியப்பா: ஒத்தைக் கை பேக்ஹேண்ட். பந்தை அடியில சீவி ஸ்லைஸ் போடுகான், பந்து கணுக்காலுக்கு மேல எழும்ப மாட்டேங்கு. உலக நம்பர் ஒன் குனிஞ்சு குனிஞ்சு எடுக்கான்

நித்யா: சின்னர் முதல் கேம்லயே விழுந்து முழங்கையில அடிபட்டுட்டுது. ஆனா அதனால மட்டும் இல்ல பெரியப்பா. இவன் ஆட்டமே வேற. சர்வுக்கு முன்னாடி பதினஞ்சாயிரம் பேர் ஒரு சத்தம் இல்லாம இருக்காங்க, ஸ்லைஸ் போடும்போது மட்டும் "சர்ர்"னு சேலை கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம். டிவியில இது கேக்காது

ரமணி பெரியப்பா: அது கேக்கணும்னுதான் உன்னை அனுப்பினேன்

ரமணி பெரியப்பா: 1961-ல எனக்குப் பத்து வயசு. ராமநாதன் கிருஷ்ணன் செமி பைனல்ல லேவர் கூட ஆடுகார். நாகர்கோவில்ல பொறந்தவர் ஆக்கும். 54-லயே அங்க ஜூனியர் பட்டம் வாங்கிட்டார். அதுக்கு முந்தின ஆட்டத்துல எமர்சனையே நேர் செட்ல விரட்டிட்டார். அப்பா வடசேரி வரைக்கும் போய் பேப்பர் வாங்கிட்டு வருவா. திண்ணையில உக்காந்து சத்தமா வாசிப்பா. பலமான சர்வ் கிடையாது அவருக்கு. தொட்டுத் தொட்டுத்தான் ஆடுவார். "டச் டென்னிஸ்"னு வெள்ளைக்காரன் எழுதினதை அப்பா ரெண்டு தடவை வாசிச்சா. நான் அந்த ஆட்டத்தைப் பார்த்ததே கிடையாது, காதால கேட்டதுதான். இன்னிக்கு இவன் ஆடுகதைப் பார்த்தா இப்படித்தான் இருந்திருக்கும்னு தோணுகு

வசந்தா அத்தை: அந்தப் பேப்பர் துண்டு இன்னும் டிரங்குப் பெட்டியில இருக்கு அண்ணே. கரையான் ஒரு ஓரத்தைத் தின்னுட்டு

நித்யா: ரெண்டாவது செட் 7-5! இருட்டிடுச்சு, கூரையை மூடுறாங்க

கார்த்திக்: அப்பா, மணி பாருங்க. அம்மா எழுந்து வந்தா ரெண்டு பேருக்கும் கிடைக்கும்

ரமணி பெரியப்பா: இன்னும் ஒரு செட்டுதான்

நித்யா: 2-2. டிமிட்ரோவ் ஏஸ் போட்டான், சர்வைச் சின்னரால தொடவே முடியல

நித்யா: ஐயோ

நித்யா: விழுந்துட்டான். நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுப் புல்லு மேல உக்காந்துட்டான்

கார்த்திக்: தோள்பக்கம் நெஞ்சுத் தசை போல

நித்யா: சின்னர் நெட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துட்டான். உள்ள போறாங்க

நித்யா: திரும்பி வந்தான். கை கொடுத்துட்டான். அழுறான். பையைச் சின்னர் தூக்கிட்டுப் போறான். யாருக்கும் கைதட்டணுமா வேண்டாமான்னே தெரியல, அப்புறம் மொத்தமா எழுந்து நின்னோம்

கார்த்திக்: கிராண்ட்ஸ்லாம்ல தொடர்ந்து அஞ்சாவது தடவை பாதியில விலகுறான். 34 வயசு

நித்யா: பெரியப்பா?

நித்யா: பெரியப்பா தூங்கிட்டீங்களா

கார்த்திக்: இல்ல. டிவியை அணைச்சுட்டு முற்றத்துல உக்காந்திருக்காரு

கீதா: நித்யா வீட்டுக்குப் போனதும் மெசேஜ் போடு. எத்தனை மணி ஆனாலும்

ஜூலை 13, ஞாயிறு இரவு

கார்த்திக்: 4-6, 6-4, 6-4, 6-4. அல்கராஸ் அவுட். சின்னருக்குக் கப்

ரமணி பெரியப்பா: 60-ல ஃப்ரேசர் கிருஷ்ணனைத் தோக்கடிச்சான், அவனே கப்பை எடுத்தான். 61-ல லேவர், அவனும் எடுத்தான். இப்போ இவன். நம்மாளைத் தாண்டிப் போறவன்தான் கப்பைத் தூக்குகான்

கார்த்திக்: பல்கேரியாக்காரன் எப்போ நம்மாள் ஆனான்?

ரமணி பெரியப்பா: ஒத்தைக் கையில ஸ்லைஸ் போட்டான்லா, அப்பமே

வசந்தா அத்தை: அண்ணே, சின்னர் தாண்டிப் போகலே. இவன்தான் விழுந்தான்

ரமணி பெரியப்பா: அதுவும் சரிதான்

கீதா: அதெல்லாம் இருக்கட்டும். நித்யா, அந்த டென்ட்டை என்ன பண்ணின?

நித்யா: மடிக்கத் தெரியலம்மா. ஹால்ல விரிச்சபடியே கிடக்கு. துணி காயப் போட்டிருக்கேன்