48 வயசு ஜப்பான்காரருக்கு ஆர், எல் சத்தத்தைப் பிரிச்சுக் கேக்க வருமா? ஆராய்ச்சி என்ன சொல்லுது?

யோகோஹாமாவாசி:

எல்லாருக்கும் வணக்கம். யோகோஹாமால மெஷின் பார்ட்ஸ் செய்யுற கம்பெனி ஒண்ணுல சாஃப்ட்வேர் பக்கம் இருக்கேன். எங்க காச்சோவுக்கு, அதாவது செக்‌ஷன் ஹெட்டுக்கு, 48 வயசு. டோயிக்னு ஒரு இங்கிலீஷ் பரீட்சைல 800 தாண்டி வாங்கினவரு, மெயில் எல்லாம் அவ்ளோ சுத்தமா எழுதுவாரு. ஆனா அமெரிக்க கிளையன்ட் கால்ல பேச ஆரம்பிச்சா முகமே மாறிடும், கால் முடிஞ்சப்புறம் மெதுவா எங்கிட்ட வந்து அவங்க கடைசியா என்ன சொன்னாங்கன்னு கேப்பாரு. போன மாசம் டேட்டாவ 'கலெக்ட்' பண்ணி அனுப்புங்கன்னு கிளையன்ட் சொன்னத இவரு 'கரெக்ட்' பண்ணி அனுப்பச் சொல்றாங்கன்னு எடுத்துக்கிட்டாரு, டேட்டால எங்க தப்பு இருக்குன்னு மொத்த டீமும் உக்காந்து தேடிக்கிட்டு இருந்துச்சு.

மனுஷன் ரொம்ப நொந்துட்டாரு. சாயங்காலம் ஒரு இங்கிலீஷ் கான்வர்சேஷன் கிளாஸுக்குப் போறாரு, அங்க ஒருத்தர் "12 வயசுக்கு மேல காது மூடிரும், ஆர் எல் எல்லாம் இனிமே வராது, விட்டுடுங்க"ன்னு சொல்லிட்டாங்களாம். அது உண்மையான்னு எங்கிட்ட கேட்டாரு, எனக்கு பதில் தெரியல. நமக்கு ரவும் லவும் சின்ன வயசுலேர்ந்து வேற வேறயாவே இருக்கு, அதுல ஒருத்தருக்குக் கஷ்டம் இருக்கும்னே நான் யோசிச்சது இல்ல. மொழியியல் படிச்சவங்க, ஜப்பான்ல பாடம் நடத்துறவங்க யாராவது சொல்லுங்க. இந்த வயசுல முடியுமா முடியாதா? முடியும்னா எப்படி? தினமும் ட்ரெய்ன்ல போக வர நேரம் இருக்கு அவருக்கு, செய்யத் தயாராவும் இருக்காரு.

ஒலியியல்_மதுரை:

சார், அவருகிட்ட முதல்ல அந்த 12 வயசுக் கதைய மறந்துடச் சொல்லுங்க. இந்த ரெண்டு சத்தத்தப் பொறுத்தவரைக்கும் மாற்றம் நடக்குறது 12 வயசுல இல்ல, முதல் பிறந்தநாளுக்கு முன்னாடியே. பாட்ரீசியா கூல் டீம் 2006ல வெளியிட்ட ஆராய்ச்சில, 6லேர்ந்து 8 மாசத்துல ஜப்பான் குழந்தையும் அமெரிக்கக் குழந்தையும் 'ரா' 'லா' வித்தியாசத்த ஏறக்குறைய ஒரே அளவுல கண்டுபிடிக்குது. 10லேர்ந்து 12 மாசம் ஆகும்போது அமெரிக்கக் குழந்தை மேல போயிடுது, ஜப்பான் குழந்தை கீழ இறங்குது. ஜப்பானிய மொழில 'ரா ரி ரு ரே ரோ'ன்னு ஒரே ஒரு வரிசைதான், நாக்கு நுனியால மேல ஒரு தட்டு தட்டி வர்ற சத்தம். வீட்டுல தேவைப்படாத வித்தியாசத்தக் குழந்தையோட மூளை ஒதுக்கி வச்சிடுது, அவ்ளோதான். வட இந்திய நண்பர்கள் நம்ம ல, ள, ழ மூணையும் ஒண்ணாவே கேக்குறாங்க இல்லயா, அதே விஷயம்தான் இது.

'காது மூடிரும்'ங்கற பேச்சும் தப்பு. 1971ல கோட்டோன்னு ஒரு ஆராய்ச்சியாளர் செஞ்சதுலேர்ந்து பாருங்க. ஜப்பானியப் பெரியவங்கள்ல சிலர் ஆர், எல் ரெண்டையும் வெள்ளைக்காரங்களுக்குப் புரியுற மாதிரி வேற வேறயா உச்சரிச்சுட்டாங்க, ஆனா அவங்க குரலையே ரெக்கார்ட் பண்ணி திரும்பப் போட்டுக் காட்டினா எது எதுன்னு அவங்களாலயே சொல்ல முடியல. வாய் வேலைய செஞ்சிடுச்சு, கேக்குறதுதான் வரல. அப்புறம் 1975ல மியாவாகி குழு ஒரு அழகான வேலை பண்ணினாங்க, இந்த விஷயத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆராய்ச்சி இதுதான். இங்கிலீஷ் ஆர் எல் ரெண்டையும் பிரிச்சுக் காட்டுறது முக்கியமா மூணாவது ஃபார்மன்ட்னு சொல்ற ஒரு அதிர்வுப் பட்டை, எல்லுக்கு அது மேல நிக்கும், ஆருக்கு நல்லா கீழ இறங்கிடும். மத்ததயெல்லாம் வெட்டிட்டு அந்தப் பட்டைய மட்டும் தனியா போட்டுக் கேக்க வச்சாங்க, அப்போ அது பேச்சு மாதிரியே இருக்காது, ஏதோ ஒரு கீச் சத்தம். அதுல ஜப்பான்காரங்க அமெரிக்கர்களுக்கு சமமா பிரிச்சுட்டாங்க! அதாவது காதுல ஒரு குறையும் இல்ல, அதே சத்தம் பேச்சுக்குள்ள வரும்போது மட்டும் மூளை அத கண்டுக்க மாட்டேங்குது. 2003ல ஐவர்சன் குழு அதுக்கு மேல ஒண்ணு காட்டினாங்க, ஜப்பானியர்கள் மூணாவத விட்டுட்டு ரெண்டாவது ஃபார்மன்ட்ட கவனிக்கிறாங்க, ஆர் எல் விஷயத்துல அதப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது. ஆக உங்க காச்சோ கவனமாத்தான் கேக்குறாரு, ஆனா கேக்க வேண்டிய இடத்த விட்டுட்டு வேற இடத்தக் கேக்குறாரு.

இனி மாத்த முடியுமாங்கறது. முடியும். 1991ல இண்டியானா யுனிவர்சிட்டில லோகன், லைவ்லி, பிசோனி மூணு பேரும் 6 ஜப்பானியர்களுக்கு 3 வாரம், 15 செஷன் பயிற்சி குடுத்தாங்க. ஹெட்ஃபோன்ல ஒரு வார்த்தை வரும், ஸ்கிரீன்ல ரெண்டு வார்த்தை இருக்கும், கேட்டது எதுன்னு அமுக்கணும், சரியா தப்பான்னு உடனே தெரிஞ்சிடும். 78 சதவீதம் போல இருந்தது 86 கிட்ட வந்துச்சு. பின்னாடி ஜப்பான்லயே, கியோட்டோ பக்கம் ஏ.டி.ஆர். ஆராய்ச்சி நிலையத்தோட சேர்ந்து இதே முறையப் பெருசாப் பண்ணினாங்க. 1997ல ஆன் பிராட்லோ, அகாஹானே-யமடா எல்லாரும் சேர்ந்து வெளியிட்டதுல 45 செஷன், 65லேர்ந்து 81 சதவீதம். இதுல ஆச்சரியம் என்னன்னா உச்சரிப்பு பத்தி ஒரு வார்த்தை சொல்லிக் குடுக்கல, வெறும் கேக்குற பயிற்சிதான், ஆனா பயிற்சிக்கு முன்னாடி பின்னாடி அவங்க பேசினத அமெரிக்கர்கள்கிட்ட போட்டுக் காட்டினா பின்னாடி பேசினதுதான் தெளிவா இருக்குன்னு சொன்னாங்க. 3 மாசம் கழிச்சு டெஸ்ட் பண்ணப்பவும் அது அழியல. 100 சதவீதம் வரும்னு நான் சொல்லல, வெள்ளைக்காரர் அளவுக்கு வராம நின்னவங்க நெறைய பேரு. ஆனா விட்டுடுங்கன்னு சொல்றதுக்கு எந்த ஆதாரமும் இல்ல, அப்படிச் சொல்லி ஒரு மனுஷன உக்கார வைக்கிறது எனக்கு நிஜமாவே கோவம் வருது.

பாடம்_சொல்றவ:

நான் நாகோயால வேலைக்குப் போற பெரியவங்களுக்குத்தான் இங்கிலீஷ் எடுக்குறேன். மதுரைக்காரர் சொன்னது எல்லாம் சரி, ஆனா ஆர் எல்லோட நின்னுடாதீங்க தம்பி. உங்க காச்சோ மெயில் சுத்தமா எழுதுறாருன்னு சொன்னீங்க, கால்ல பேசும்போது கவனிச்சுப் பாருங்க, பெயர்ச்சொல்லுக்கு முன்னாடி வர்ற 'எ' (a), 'த' (the) ரெண்டும் காணாமப் போயிருக்கும், பன்மைக்கு வர்ற 'ஸ்' விழுந்திருக்கும். எழுதும்போது யோசிக்க நேரம் இருக்கு, தெரிஞ்ச ரூலப் போட்டு சரி பண்ணிக்கிறாரு, பேசும்போது அந்த நேரம் கிடையாது. ஜப்பானிய மொழில இந்த 'எ', 'த' கிடையாது, பன்மையும் கட்டாயம் இல்ல. லக், ஷிராய் ரெண்டு பேரும் 2009ல பழைய ஆராய்ச்சி எல்லாத்தையும் சேர்த்துப் பாத்தாங்க. இங்கிலீஷ் படிக்கிறவங்க எல்லாரும் ஒரே வரிசைலதான் இலக்கணத்தப் பிடிப்பாங்கன்னு முன்னாடி நம்பினது ஜப்பானியர்களுக்குப் பொருந்தல. ஒருத்தரோட பொருள்னு காட்டுற 'ஸ்' சீக்கிரம் வந்துடுது, ஏன்னா ஜப்பானியத்துல அதே வேலைய செய்யுற 'நோ'வ அவங்க அங்க அப்படியே வச்சுக்கலாம். 'எ', 'த'வும் பன்மையும்தான் பின்னாடி தங்கிப் போகுது.

இதுல எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டிய ஒருத்தர் இருக்காரு. ரிச்சர்ட் ஷ்மிட் 1983ல எழுதின ஆராய்ச்சில அவருக்கு வெஸ்னு பேரு வச்சிருக்காங்க, ஜப்பானிய ஓவியர், 33 வயசுல ஹோனலூலு வந்தவரு. கிளாஸுக்குப் போகல, புக் படிக்கல, மக்களோட பேசிப் பேசியே 3 வருஷம். பேச்சுல கில்லாடி ஆயிட்டாரு, ஜோக் அடிப்பாரு, ஆர்டர் பேசி முடிப்பாரு, எல்லாருக்கும் அவரப் பிடிச்சுது. ஆனா 3 வருஷம் கழிச்சும் இலக்கணம் கிட்டத்தட்ட இருந்த இடத்துலயே இருந்துச்சு, இறந்த காலத்துக்கு வர்ற 'எட்' சுத்தமா வரல. நாட்டுக்குள்ள போயி இருந்தா எல்லாம் தானா வந்துடும்னு சொல்றவங்களுக்கு நான் இவரத்தான் காட்டுவேன். அதே சமயம் இலக்கணம் இல்லாமலே ஒரு மனுஷன் எவ்ளோ தூரம் போகலாம்ங்கறதுக்கும் இவருதான் சாட்சி. உங்க காச்சோவும் வெஸ்ஸும் நேர் எதிர்ப்பக்கம், ஒருத்தர்கிட்ட இருக்குறது இன்னொருத்தர்கிட்ட இல்ல.

நைட்ஷிஃப்ட்_கவாசாகி:

எனக்கு இதுல ஒரு சந்தேகம். ஆர் எல்லுக்கு இவ்ளோ மெனக்கெடணுமா? ரைஸ் சாப்பிட்டேன்னு சொல்ல வந்து லைஸ், அதாவது தலைல இருக்குற பேன்னு சொன்னா யாரும் பேனைத் தின்னாருன்னு நினைக்க மாட்டாங்க, பேச்சோட போக்குல புரிஞ்சிடும். எங்க லைன்ல இருக்குற ஜப்பான் ஆளுங்ககிட்ட நான் பாத்த பெரிய பிரச்சினை வேற, தெரிஞ்சாலும் வாயத் திறக்க மாட்டாங்க. தப்பாயிடுமோன்னு பயம்.

பாடம்_சொல்றவ:

அந்த பயம் நிஜம், ஆராய்ச்சியும் இருக்கு. கன்சாய் யுனிவர்சிட்டி தொமோகோ யாஷிமா 2002ல எழுதினது, பேச முன்வர்றதுக்கு மார்க்க விட, தன்னால முடியும்ங்கற நம்பிக்கையும் வெளி உலகத்து மேல இருக்குற ஆர்வமும்தான் முக்கியமா நிக்குது. பள்ளிக்கூடத்துல வாக்கியத்த எடுத்து வரிவரியா ஜப்பானியத்துல மாத்துறதே பாடமா இருந்த தலைமுறை இது, பேச வேண்டிய வாய்ப்பே அவங்களுக்குக் குடுக்கல. 5, 6ஆம் வகுப்புல இங்கிலீஷ் மார்க் போடுற பாடமா ஆனதே 2020லதான்.

ஆனா போக்குல புரிஞ்சிடும்ங்கறத நான் ஒத்துக்க மாட்டேன். ரைஸ் சரி, கரெக்ட்-கலெக்ட் எப்படிப் புரியும்? ரெண்டும் அந்த இடத்துல பொருந்துற வார்த்தை. இங்கிலீஷ்ல இந்த ரெண்டு சத்தத்தால மட்டும் பிரியுற ஜோடி வார்த்தைங்க ரொம்ப அதிகம், அதனாலதான் இது மத்த உச்சரிப்புத் தப்பு மாதிரி லேசா விட்டுடக் கூடியது இல்ல. அதோட தப்பாக் கேட்டுடுவோமோங்கற பயம்தானே அவர வாயத் திறக்க விடாம வச்சிருக்கு, ஒண்ணு சரியானா இன்னொண்ணும் கொஞ்சம் தளரும்.

யோகோஹாமாவாசி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, காச்சோகிட்ட 1975 ஆராய்ச்சிய ஜப்பானியத்துல விளக்கிச் சொன்னேன், காதுல குறை இல்லங்கறத ரெண்டு தடவ திருப்பிக் கேட்டுக்கிட்டாரு. இப்ப ரெண்டு கேள்வி. அவருகிட்ட ஒரே ஆள் குரல்ல பேசுற ஒரு பழைய ஆடியோ கோர்ஸ் இருக்கு, அதையே போட்டுப் போட்டுக் கேக்கலாமா? இன்னொண்ணு, நானே வார்த்தைங்களப் பேசி ரெக்கார்ட் பண்ணிக் குடுத்துடவா?

ஒலியியல்_மதுரை:

ரெண்டும் வேண்டாம் சார், காரணம் சொல்றேன். 1993ல லைவ்லி, லோகன், பிசோனி அதையேதான் பண்ணிப் பாத்தாங்க, ஒரே ஆள் குரல்ல பயிற்சி. அந்தக் குரல்ல நல்லா முன்னேறினாங்க, புது ஆள் பேசினா அந்த முன்னேற்றம் கூட வரல. அஞ்சு பேர் குரல்ல பயிற்சி எடுத்தவங்களுக்குத்தான் தெரியாத குரல்லயும் வந்துச்சு. ஆணு, பொண்ணு, வேகமாப் பேசுறவங்க, மெதுவாப் பேசுறவங்கன்னு கலந்து கேட்டாத்தான் ஆளுக்கு ஆள் மாறுறது எது, மாறாம நிக்கிறது எதுன்னு மூளை கண்டுபிடிக்கும்.

உங்க குரல் ஏன் வேண்டாம்னா, நாம இங்கிலீஷ் பேசும்போது போடுற ஆர் பெரும்பாலும் நம்ம 'ர'தான், நாக்கு மேல தட்டி வர்றது, ஜப்பானிய 'ரா' வரிசைக்கு ரொம்பக் கிட்ட. அமெரிக்கர் போடுற ஆர்ல நாக்கு எங்கயும் தட்டாது, பின்னால சுருண்டோ குவிஞ்சோ நிக்கும், மூணாவது ஃபார்மன்ட் கீழ இறங்குறது அதனாலதான். உங்க குரல்ல பழகினா அவரு வேற ஒரு வித்தியாசத்தக் கத்துக்கிட்டு அமெரிக்க கிளையன்ட் கால்ல மறுபடி திணறுவாரு. டீம்ல, கிளையன்ட் பக்கத்துல தெரிஞ்சவங்க இருந்தா நாலஞ்சு அமெரிக்கக் குரல் வாங்குங்க, இல்லன்னா ஆன்லைன் டிக்‌ஷனரிலயே வேற வேற குரல்ல வார்த்தைய எடுக்கலாம்.

எந்த வார்த்தைன்னு கேட்டா, கடைசில வர்ற ஆர் எல் ஜப்பானியர்களுக்கு அவ்ளோ கஷ்டம் இல்ல, முதல்லயும் நடுவுலயும் வர்றதுதான் சிக்கல், அதுலயும் வேற மெய்யெழுத்தோட ஒட்டி வந்தா இன்னும் மோசம். கிராஸ்-கிளாஸ், ஃப்ரை-ஃப்ளை, ப்ரே-ப்ளே மாதிரி. அதுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1999ல தூபு குழு பிரெஞ்சுக்காரங்களயும் ஜப்பானியர்களயும் வச்சு 'எப்ஸோ', 'எபுஸோ'ன்னு அர்த்தமில்லாத வார்த்தை கேக்க வச்சாங்க, நடுவுல இருந்த 'உ'வ முழுசா வெட்டி எடுத்தப்புறமும் ஜப்பானியர்களுக்கு அங்க ஒரு 'உ' கேட்டுச்சு. ரெண்டு மெய் சேர்ந்து வந்தா நடுவுல ஒரு உயிர காதே போட்டுக்குது. அதனால 'கிளாஸ்' அவருக்கு 'குராசு'ன்னுதான் கேட்டுக்கிட்டு இருக்கும். முதல்ல ரைட்-லைட், ராக்-லாக்ல ஆரம்பிச்சு, அது பிடிபட்டப்புறம் கிராஸ்-கிளாஸுக்குப் போகட்டும்.

பாடம்_சொல்றவ:

ஒண்ணே ஒண்ணு சேர்த்துக்கோங்க தம்பி. ஒவ்வொரு வார்த்தைக்கும் சரியா தப்பான்னு அந்த நொடியே தெரியணும், சும்மா கேட்டுக்கிட்டே இருக்குறது பயிற்சி ஆகாது. பேசுற பக்கமும் அதேதான், சைட்டோவும் லிஸ்டரும் மான்ட்ரியல்ல 65 ஜப்பானியர்கள வச்சுப் பண்ணின ஆராய்ச்சி 2012ல வந்துச்சு, ஆர் வர்ற பாடத்த நடத்தினது மட்டும் பத்தல, தப்பா வந்த வார்த்தைய டீச்சர் அப்பவே சரியாத் திருப்பிச் சொன்ன குழுதான் முன்னேறினாங்க. நீங்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதிடுங்க, குரல மாத்தி மாத்திப் போட்டு, அமுக்கினதும் பச்சையோ சிவப்போ காட்டுற மாதிரி. சிவப்பு வந்தா அதே வார்த்தைய உடனே திரும்பக் கேக்க வைக்கணும், அத மட்டும் விட்டுடாதீங்க.

யோகோஹாமாவாசி:

ஸ்கிரிப்ட் இன்னைக்கு ராத்திரியே ஆரம்பிக்கிறேன் அக்கா. கிளையன்ட் பக்கத்துல மூணு பேர் குரல் குடுக்க ஒத்துக்கிட்டாங்க, இன்னும் ரெண்டு பேரத் தேடணும். முதல் லிஸ்ட்ல கரெக்ட்-கலெக்ட்டும் வேணும்னு காச்சோவே கேட்டிருக்காரு.